யாருடைய நேரம்? வேலையும் வீடும் உள்ளவர்களின் டிரையத்லான்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிறுத்தாமல் அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் டிரையத்லான், சென்னை, கோவை, பெங்களூர் போன்ற ஊர்களில் வேலைக்குப் போகிறவர்களின் விளையாட்டாக வளர்ந்துவிட்டது. மென்பொருள் ஊழியர்கள், மருத்துவர்கள், காவல்துறையினர், ஆசிரியர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். பரிசுப் பணமோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையோ இவர்கள் நோக்கம் இல்லை. நாற்பது வயதில் தன் உடம்பு என்ன செய்யும் என்று பார்க்கும் ஆசைதான் இழுத்து வருகிறது. நல்ல ஆசை. ஆனால் இவர்களைப் பற்றிய பேச்சு மன உறுதியில் ஆரம்பித்து மன உறுதியிலேயே முடிந்துவிடுகிறது. நேரத்தை ஒழுங்காகத் திட்டமிட்டால் வேலை, வீடு, பயிற்சி மூன்றும் நடக்கும் என்பதைப் பயிற்சியாளர்கள் முதல் நண்பர்கள் வரை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திட்டம் போட்டால் நேரம் பிறக்காது. யாரோ ஒருவரின் பங்கிலிருந்துதான் அது வர வேண்டும். யார் அந்த ஒருவர், அவரிடம் கேட்டார்களா, பதிலுக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்ற மூன்று கேள்விகளையும் வைத்துத்தான் இந்த விஷயத்தை முழுவதுமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் தூரங்கள். ஸ்பிரிண்ட் எனப்படும் குறும்போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான போட்டி இதைப்போல் இரண்டு மடங்கு. அதற்கு மேலே, நம்மவர்கள் ‘ஹாஃப் அயர்ன்மேன்’ என்று சொல்லும் 70.3. அது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தத் தூரத்தை மைலில் கூட்டினால் வரும் எண்தான் அந்தப் பெயர். முழு அயர்ன்மேன் 3.8, 180, 42.2. அதை வழக்கமாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர் ஸ்பிரிண்டை மரியாதையாக முடிக்க வாரம் நாலைந்து மணி நேரப் பயிற்சி போதும். ஒலிம்பிக் தூரத்துக்கு ஆறு முதல் எட்டு, 70.3க்கு எட்டு முதல் பன்னிரண்டு. முழு அயர்ன்மேனுக்கு உச்ச வாரங்களில் பதினைந்தைத் தாண்டும். பயிற்சி அட்டவணையில் எழுதியிருப்பது உடம்பு அசையும் நேரம் மட்டும்தான். நீச்சல் குளத்துக்குப் போய்வருவது, முந்தின இரவு டயருக்குக் காற்றடித்து பாட்டில்களை நிரப்பி வைப்பது, செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, உப்புப் பூத்த துணிகளை அலசுவது, ஞாயிறு மதியம் அடித்துப் போட்டதுபோல் தூங்குவது இவை எதுவும் அதில் இருக்காது. பத்து மணி நேரப் பயிற்சி என்று எழுதியிருந்தால் வீட்டுக் கணக்கில் அது பதினாலு, பதினைந்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அயர்ன்மேன் போட்டியே ஒரு குடும்பத்திலிருந்து வந்ததுதான். 1974 செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மிஷன் பே என்ற இடத்தில் நடந்த டிரையத்லானில், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் தன் மனைவி ஜூடியோடும் பிள்ளைகளோடும் கலந்துகொண்டார். பின்னர் ஹவாய்க்கு மாற்றலானபோது, ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலுலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் செய்தால் என்ன என்று கணவனும் மனைவியுமாக யோசித்தார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று முதல் அயர்ன்மேன் நடந்தது. பதினைந்து ஆண்கள் தொடங்கினார்கள், பன்னிரண்டு பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் முதலாவதாக வந்தார். அன்று வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் கிடையாது. ஒவ்வொருவரும் தண்ணீரும் உணவும் கொடுக்கத் தன் ஆட்களைத் தானே கூட்டி வர வேண்டும் என்பது விதி. இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு அவருடைய ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீரைக் கொடுத்த கதை இந்த விளையாட்டில் எல்லாருக்கும் தெரியும். கூட வரும் ஆட்கள் இல்லாமல் இந்தப் போட்டி முதல் நாளிலிருந்தே நடக்கவில்லை. இன்று பந்தய வழியில் அமைப்பாளர்கள் தண்ணீர் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தின பயிற்சி மாதங்களுக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் அந்த ஆட்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அதிகம் பழக்கமான பந்தயம் கோவா 70.3. சில ஆண்டுகளில் அதன் தேதி எங்கே விழுந்தது என்று பாருங்கள். முதல் முறை 2019 அக்டோபர் 20, ஞாயிறு. தீபாவளி அடுத்த ஞாயிறு. 2024இல் அக்டோபர் 27, தீபாவளி 31. அப்படிப்பட்ட ஆண்டில் ஆகஸ்ட் மாதமும் செப்டம்பரும் பயிற்சியின் உச்சம். அதே வாரங்களிலும் அவற்றை ஒட்டியும்தான் ஆவணி முகூர்த்தங்கள், பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு, நவராத்திரிக் கொலு எல்லாம் வருகின்றன. தீபாவளிக்குத் துணி எடுக்க தி.நகர் போக வேண்டிய சனிக்கிழமையும் 90 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய சனிக்கிழமையும் ஒன்றேதான். பந்தயம் முடிந்து திரும்பும்போது சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து, தோல் கருத்து, தூக்கம் கெட்டு வந்து நிற்பவரிடம் பட்சணத்துக்கு உளுந்து அரைக்கச் சொன்னால் வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்?

வயதும் இதோடு சேர்ந்து நெருக்குகிறது. சைக்கிள், காலணி, நீச்சல் கட்டணம், பயிற்சியாளர், பதிவுக் கட்டணம், விமானச் செலவு எல்லாம் கூட்டினால் இது சில லட்சங்களை விழுங்கும் விளையாட்டு. அந்தப் பணம் கையில் புரளத் தொடங்குவது முப்பதுகளின் பின்பாதியில். நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும் சக்தி நாற்பதுகளிலும் நன்றாகவே இருக்கும் என்பதால் உடம்பும் இடம் கொடுக்கிறது. ஆனால் பிள்ளைகள் பள்ளியில் இருப்பதும், பெற்றோருக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் வருவதும், அலுவலகத்தில் பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தலையில் ஏறுவதும் அதே வயதில்தான்.

சமூகவியலாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1982இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஓய்வுநேர ஈடுபாடுகளில் சில வேலையைப் போலவே உழைப்பும் பயிற்சியும் படிப்படியான உயர்வும் கேட்கும் என்று பிரித்துக் காட்டினார். அப்படிப்பட்ட ஈடுபாட்டில் விழுந்தவர் அதை வைத்தே தன்னை அடையாளம் காணத் தொடங்குகிறார். டிரையத்லானுக்கு இது அப்படியே பொருந்தும். 2012இல் லாமான்ட், கென்னலி, வில்சன் என்ற மூவர் ஆஸ்திரேலியாவின் அமெச்சூர் டிரையத்லான் வீரர்களிடம் பேசி எழுதிய ஆய்வில், குடும்ப உறவு, வீட்டுப் பொறுப்பு, நட்பு வட்டம், பணம், வேலை என்று எங்கெல்லாம் இழுபறி நடக்கிறது என்பதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஓட்டக்காரர்களின் துணைகளைப் பற்றிய 1997ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, துணையின் ஆதரவு எவ்வளவு என்பதைப் பொறுத்து மோதலின் அளவும் மாறுகிறதா என்று பார்த்தது. 2011இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், உடற்பயிற்சி கல்யாணத்தை விழுங்கிவிட்டது என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரையே வெளியிட்டது. இவை எல்லாம் மேலை நாட்டு வீடுகள். இரண்டு பேரும் குழந்தைகளும் மட்டும் உள்ள வீடுகள். நம் வீடுகளில் கணக்கில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்: பேரப்பிள்ளைகளுக்குப் பல் தேய்த்துவிட்டுப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் பாட்டியும் தாத்தாவும். கணவன் மனைவி இருவரும் காலையில் பயிற்சிக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் ஓர் அம்மாவோ மாமியாரோ அடுப்படியில் நிற்கிறார். அவருடைய முழங்காலை யாரும் பயிற்சி அட்டவணையில் எழுதுவதில்லை.

ஒரு சனிக்கிழமையைக் கிட்டத்தில் பார்ப்போம். துரைப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. காலை நாலு பத்துக்குக் கணவரின் தலையணைக்கு அடியில் போன் அதிர்கிறது. ஹாலில் விளக்குப் போடாமல், ஃப்ரிட்ஜ் கதவு வெளிச்சத்தில் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிறுத்தி லிஃப்டுக்குள் நுழைக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிவப்பு விளக்கு மின்ன வரிசையாகப் போகும் கூட்டத்தோடு சேர்ந்து முட்டுக்காடு பாலம், கோவளம், மாமல்லபுரம். அங்கே இளநீர். எதிர்க்காற்றில் திரும்பி வீடு சேர ஒன்பது. சைக்கிளைச் சாத்திவிட்டு உடனே அரை மணி நேர ஓட்டம். சைக்கிளோட்டிய காலோடு ஓடப் பழகும் இந்தப் பயிற்சிக்கு ‘பிரிக்’ என்று பெயர். குளித்து, ஆறு இட்லி சாப்பிட்டு நிமிரும்போது மணி பத்தரை. இதற்குள் மனைவி மகளை செஸ் வகுப்பில் விட்டுவிட்டு வந்து, வேலைக்காரம்மா வராததால் பாத்திரம் தேய்த்து, வளைகாப்புக்குத் தட்டு வரிசை கட்டி முடித்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில், வளையல் அடுக்கும் சத்தத்துக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் கணவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். யாரும் தப்பு செய்யவில்லை. அவர் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த பிறகும் மூன்று மணி நேரம் அவர் யாருக்கும் கிடைக்கவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இந்தச் சனிக்கிழமைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் காட்டுகிறது. 2024இல், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டார்கள். 2019இல் அது 299, 97. ஐந்து ஆண்டில் இரண்டுமே கொஞ்சம் குறைந்தன; மும்மடங்கு இடைவெளி அப்படியே நிற்கிறது. வாரம் பத்து மணி நேரப் பயிற்சி என்றால் 600 நிமிடம். ஒரு பெண்ணின் இரண்டு நாள் வீட்டு வேலையை விடச் சற்றே அதிகம். ஆண் இந்த விளையாட்டுக்கு வரும்போது, ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசில் இன்னும் ஒரு கல்லை வைக்கிறார். பெண் வரும்போது அவருக்கு வைக்க இடமே இல்லை. டிபன் பாக்ஸ் கட்டும் நேரமும் குளத்தில் காலை நேர வகுப்பும் ஒன்றாக வருகின்றன. இருட்டில் தனியாகச் சாலையில் ஓட முடியாது. பெண்களுக்கென்று குளங்கள் ஒதுக்கும் மணி பல இடங்களில் வேலைக்குப் போகிறவருக்கு உதவாத மணி. 2022இல் அமெரிக்காவின் செல்சி சொடாரோ பிள்ளை பெற்ற ஒன்றரை ஆண்டில் ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் உலகப் பட்டம் வென்றார். அபாரமான சாதனை. அவருக்குப் பயிற்சியே தொழில். எட்டு மணி நேர வேலை முடித்து வரும் தாய்க்கு அதை முன்னுதாரணமாகக் காட்டுவது கொடுமை.

வீட்டாரைக் கேட்காமல் எடுக்க நமக்கே உரிமை இருப்பதுபோல் தோன்றும் நேரம் ஒன்று உண்டு: தூக்கம். அமெரிக்காவோடு இரவு பத்தரை வரை அழைப்பு, காலை நாலு மணிக்குக் குளம். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இது சகஜம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் சேர்ந்து அறிவித்தன. பயிற்சியில் கிழிந்த தசை சேர்வதும் கற்றது உடம்பில் இறங்குவதும் பெருமளவு தூக்கத்தில்தான். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறவர் பயிற்சியின் பலனிலும் ஒரு பகுதியைக் கோட்டை விடுகிறார். மிச்சத்தை வீட்டில் எரிந்து விழுவதிலும், மதியம் மூன்று மணிக் கூட்டத்தில் கண் சொருகுவதிலும் தீர்த்துக்கொள்கிறார். இரவு அழைப்பு உள்ள மறுநாள் காலைப் பயிற்சியை வெட்டிவிட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

வெட்டினால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் இங்கே பெரிய தடை. அந்தப் பயத்துக்கு ஆய்வில் ஆதாரம் குறைவு. ராபர்ட் ஹிக்சனும் அவருடைய குழுவினரும் 1980களின் முதல் பாதியில் செய்த பரிசோதனைகள் வேலைக்குப் போகிறவர்களுக்காகவே செய்யப்பட்டவை போல இருக்கின்றன. பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த பதினைந்து வாரம் மூன்று விதமாகக் குறைத்துப் பார்த்தார்கள். வாரம் ஆறு நாளை இரண்டு நாளாகக் குறைத்தும், தீவிரத்தைக் குறைக்காதவர்களின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய அப்படியே நின்றது. 40 நிமிடத்தை 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும் அது நின்றது. நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பது மட்டும் சரிந்தது. நாளையும் நிமிடத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு தீவிரத்தைக் குறைத்தபோதுதான் சேர்த்தது கரைந்தது. பயிற்சியை அடியோடு நிறுத்தினால் கதை வேறு. கோய்ல் குழுவினரின் 1984ஆம் ஆண்டு ஆய்வில் முதல் மூன்று வாரத்திலேயே அத்திறன் சுமார் 7 சதவீதம் இறங்கியது. ஆகவே அக்கா கல்யாணம் வரும் மாதத்திலும், பிள்ளையின் பொதுத்தேர்வு மாதத்திலும், ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் மார்ச்சிலும், வாரம் இரண்டு நாள், தீவிரம் குறையாத பயிற்சிகள் கோட்டையைக் காக்கும். கட்டுவதற்குத்தான் நிறைய நேரம் வேண்டும்.

ஸ்டீபன் செய்லர் உலகத்தர வீரர்களிடம் கவனித்த, ஐந்தில் நாலு பங்கு மெதுவாகவும் ஒரு பங்கு கடுமையாகவும் என்ற முறையை இங்கே பலர் வேதமாகப் பிடித்திருக்கிறார்கள். வாரம் மிக அதிக நேரம் பயிற்சி செய்கிறவர்களிடம் காணப்பட்ட விகிதம் அது. ஆறு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு அப்படியே பொருந்துமா என்பது விவாதத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா நாளும் பாதி மூச்சு வாங்கும் நடுத்தர வேகத்தில் ஓடிக் களைத்துப்போவது பெரும்பாலானவர்களின் நோய் என்பதை அவர் சரியாகப் பிடித்தார்.

நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகளில் சில உண்மையிலேயே பலன் தருகின்றன. வீட்டுக்குள் சைக்கிளை ஒரு டிரெய்னரில் மாட்டி ஓட்டினால் ஒரு மணி நேரம் முழுதும் ஒரு மணி நேரப் பயிற்சி. சிக்னல் இல்லை, நாய் இல்லை, குழந்தை எழுந்தால் இறங்கிப் பார்க்கலாம். கீழ்வீட்டுக்காரருக்கு அதிர்வு போகாமல் தடித்த பாய் வேண்டும், சென்னை வெயிலுக்கு இரண்டு மின்விசிறி வேண்டும். அலுவலகத்துக்கு ஓடியோ சைக்கிளிலோ போவது, குளிக்க வசதி உள்ள இடத்தில் மட்டும் நடக்கும். மகளின் நீச்சல் வகுப்பு நேரத்தில் பக்கத்துத் தடத்தில் தானும் நீந்துவது நான் பார்த்ததில் மிகவும் அழகான ஏற்பாடு. யாரிடமிருந்தும் எதையும் எடுக்காத நேரம் அது.

இவற்றை விட முக்கியம், பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு. பல வீடுகளில் அது கட்டிய பிறகு நடக்கிறது. ஏற்கெனவே முடிவான ஒன்றுக்கு ஆமாம் சொல்லச் சொல்வதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. பந்தயத் தேதி, உச்ச வாரங்கள் எவை, எந்தச் சனிக்கிழமைகளில் தொடக்கூடாது, பந்தயத்துக்குப் பிறகு எத்தனை மாதம் சும்மா இருப்பது என்பதைக் காலண்டரில் எழுதி மாட்ட வேண்டும். அதோடு, எடுக்கும் மணி நேரத்துக்குச் சமமான மணி நேரத்தைத் துணைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் அதில் ஓடலாம், கர்நாடக சங்கீதம் கற்கலாம், தோழிகளோடு சினிமா போகலாம், கதவைச் சாத்திவிட்டுத் தூங்கலாம். என்ன செய்தார் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. ‘குடும்பம் ரொம்ப சப்போர்ட்’ என்று முடிவுக்கோட்டில் மைக்கைப் பிடித்துச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கடனை மணி நேரமாகத் திருப்பியிருக்கிறார்கள்?

தூரத்தைத் தேர்ந்தெடுப்பதும் குடும்ப முடிவே. கைக்குழந்தை உள்ள ஆண்டில் முழு அயர்ன்மேன் வேண்டாம். ஸ்பிரிண்டை வேகமாக முடிப்பது கஷ்டமான, கௌரவமான விளையாட்டு. ஒலிம்பிக்கில் நடப்பதே 51.5 கிலோமீட்டர்தான். நீண்ட தூரம்தான் பெரியது என்ற எண்ணத்தை வளர்த்தது விளம்பரமும் கையில் குத்திக்கொள்ளும் பச்சையும். ஜப்பானின் ஹிரோமு இனாடா, நோயுற்ற மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையிலிருந்து விலகி, அறுபது வயதில் நீச்சலைத் தொடங்கியவர். டிரையத்லானுக்கு வந்தது எழுபதில். 2018இல் 85 வயதில் கோனாவில் முழு அயர்ன்மேனை முடித்தார். பந்தயம் எங்கேயும் ஓடிப்போகாது.

இதயப் பரிசோதனையும் வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமையில் சேரும். அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நிகழ்ந்த 135 மரணங்களையும் திடீரென இதயம் நின்ற நிகழ்வுகளையும் ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை என்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் ஆண்கள், சராசரி வயது 46.7. பங்கேற்றவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் லட்சத்தில் இரண்டு பேருக்கும் குறைவு என்றாலும், குடும்பத்தில் இதய நோய் உள்ள நாற்பது வயதுக்காரர் மருத்துவரைப் பார்க்காமல் திறந்த கடலில் குதிக்கக் கூடாது. குளத்தில் மட்டும் நீந்திப் பழகியவர் பந்தயத்துக்கு முன் கரை தெரியும் இடத்தில், துணையோடு, அலையில் சில முறையாவது நீந்தியிருக்க வேண்டும்.

தனிமனிதர்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க முடியாத பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது. அது ஊரின் பொறுப்பு. பொதுக் குளங்கள் காலை ஐந்து மணிக்கே திறந்து, அதில் பெண்களுக்கும் வேலை நேரத்துக்கு ஒத்த ஒரு மணி நேரம் இருந்தால் பயணத்திலும் காத்திருப்பிலும் போகும் நேரம் மிஞ்சும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை மட்டுமாவது சைக்கிளுக்கு ஒரு தடம் பாதுகாப்பாக ஒதுக்கினால், வீட்டில் இருப்பவர் ஒன்பது மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விமானம் ஏறிப் போக வேண்டிய பெரிய பந்தயங்களோடு, அமைப்பாளர்கள் நம் ஊரிலேயே காலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும் ஸ்பிரிண்ட் போட்டிகளை அதிகம் நடத்தட்டும். பிள்ளைகளுக்கு அதே மைதானத்தில் ஓர் ஓட்டமும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கூடாரமும், முடிவுக்கோட்டில் உட்கார நிழலும் இருக்கட்டும். கணவன் ஒரு சுற்றிலும் மனைவி அடுத்த சுற்றிலுமாகத் தொடங்கும்படி நேரத்தைப் பிரித்து வைத்தாலே, இதுவரை தடுப்புக்கு வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்ற பல பெண்கள் உள்ளே எண் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.